பல்லேகமவுக்கு அறுபத்தொன்பது நிமிடம்

1

அலறியது ஓர் ஆண்.

செவ்வாய்க்கிழமை. நண்பகல் பன்னிரண்டு பத்து.

உக்குவளைக் கடைத்தெருவில் போன் திருத்தும் கடை வைத்திருந்த றினோஸ், அரிசி மணியிலும் சிறிய ஒரு திருகாணியை இடுக்கியால் தூக்கிக்கொண்டிருந்தான். அலறலில் அது எங்கோ தெறித்தது.

அவன் அதைத் தேடவில்லை. எதிர்ப்பக்கம் ஓடினான்.

அன்ஸாபின் களஞ்சியம். ஊரூராக லொறியில் போய் மிளகும் கராம்பும் வாங்கி வந்து அவர் அடுக்குகிற இடம். கதவு பாதி திறந்திருந்தது.

மூட்டைகளுக்கு நடுவே அன்ஸாப் கிடந்தார். பக்கத்தில் ஐந்து கிலோ தராசுப் படிக்கல். தலையைப் பார்த்த றினோஸ் உடனே கண்ணை வேறு பக்கம் திருப்பினான்.

கராம்பு வாசனையைத் தாண்டி வேறொரு வாசனை வந்தது...

அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தவர் பஸீர். பக்கத்து பேக்கரிக்காரர். றினோஸின் அக்கா, ராத்தா என்று அவன் கூப்பிடும் ஹமீமாவின் கணவர். அலறியது அவர்தான்.

இரண்டு கைகளிலும் மாவு.

மாவின் மேல் இரத்தம்.

"மச்சான்... என்ன செஞ்சீங்க?"

"நானா? நான் ஒண்ணும் செய்யல்லடா. லொறிய எடுக்கச் சொல்ல வந்தேன். குப்புறக் கெடந்தாரு. பொரட்டிப் பார்த்தேன்..."

"உசிரு?"

"இல்ல."

பஸீர் தன் கைகளைப் பார்த்தார். பேக்கரி ஏப்ரனில் துடைத்தார். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

கால் மணி நேரத்தில் பொலிஸ் வந்தது.

சப் இன்ஸ்பெக்டர் சாரங்கன் யாழ்ப்பாணத்துக்காரர். மாத்தளைக்கு வந்து பத்து வருடமாகியும் ஊர்ப் பேச்சை விடாதவர். மெதுவாக நடப்பார். அதைவிட மெதுவாகப் பேசுவார்.

"கடைசியா இவரோட கதைச்சது ஆர்?"

"இவரோட சம்சாரம் சேர்," என்றார் கான்ஸ்டபிள். "பதினொண்ணு நாப்பதுக்கு போன் பேசியிருக்காரு."

"அப்ப பதினொண்டு நாப்பதுக்கும் பன்னிரண்டு பத்துக்கும் நடுவில. அரை மணித்தியாலம்." சாரங்கன் பஸீரின் ஏப்ரனைப் பார்த்தார். "நேற்று நீங்கள் இவரோட சண்டை பிடிச்சதாம். உண்மையோ?"

"லொறிய என் கடை வாசல்ல விட்டுட்டாரு சேர். ஆளுங்க உள்ள வர எடமில்ல. சத்தம் போட்டேன்."

"என்னெண்டு சத்தம் போட்டனீங்கள்?"

பஸீர் சொல்லத் தேவை இருக்கவில்லை.

கடைத்தெருவே கேட்டிருந்தது. 'ஒரு நாளைக்கு உன் லொறிக்குக் கீழயே உன்னப் போடுறேன் பாரு.'

களஞ்சியத்தின் பின் கதவும் திறந்துதான் இருந்தது. அதற்கப்பால் ரயில் பாதை, இடுப்பளவு புல், ஓர் ஆளும் இல்லை. அந்தக் கதவை எல்லோரும் ஒரு தடவை பார்த்தார்கள். ஏப்ரனைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

மாலை நான்கு மணிக்குப் பஸீர் ஜீப்பில் ஏறினார்.

ஏறும்போது றினோஸை ஒரு பார்வை பார்த்தார். 'என்ன செஞ்சீங்க' என்று கேட்டவனைப் பார்க்கிற பார்வை.

2

புதன்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அன்ஸாபின் ஜனாஸா அடக்கம்.

மண் போட்டு முடித்து வெளியே வந்தபோது, மையவாடிச் சுவரோரம் யஹ்யா பைக்கில் சாய்ந்து நின்றான்.

யஹ்யாவுக்கு இருபத்தெட்டு வயது. றினோஸை விட இரண்டு வயது மூப்பு. பூச்சிமருந்துக் கம்பனியொன்றின் விற்பனையாளன். செவ்வாய்க்கிழமைகளில் பல்லேகமப் பக்கம் கடை கடையாகப் போவான். ஞாயிற்றுக்கிழமைகளில் றினோஸும் அவனும் ஆளுக்கொரு பைக்கில் மலையேறுவார்கள். காற்று வாங்கப் போகிறார்கள் என்று ஊர் நினைத்திருந்தது.

"என்னயும் விசாரிச்சாங்கடா," என்றான் யஹ்யா.

"ஒன்னயா? ஏன்?"

"திங்கக்கிழம அன்ஸாப் நானா எனக்கு மூணு தடவ கோல் எடுத்திருக்காரு. மொளகுக் கொடிக்கு மருந்து கேட்டாரு. அதான்."

"என்ன சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன். நேத்து பத்தரைக்கு பல்லேகமவுல ஒரு ஹாட்வெயார் கடையில நின்னேன். கெமராவுல இருக்கு. ஒன்றரைக்கும் அதே கடையில நின்னேன். அதுவும் இருக்கு. என் போன் சிக்னலும் முழுக்க அங்கதான். நடுவுல மூணு மணி நேரம். உக்குவளைக்கு வந்துட்டுத் திரும்பிப் போக அஞ்சு மணி நேரம் வேணும். விட்டுட்டாங்க."

றினோஸ் தலையாட்டினான். செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தான்.

யஹ்யாவின் பைக் முன் சக்கரம் கண்ணுக்கு நேரே இருந்தது.

பிரேக் தட்டு நீலம் பாரித்திருந்தது.

மூன்று நாளைக்கு முன்தான், ஞாயிற்றுக்கிழமை, அதைக் கழற்றித் துடைத்துப் பூட்டியிருந்தான் றினோஸ். அப்போது வெள்ளித் தட்டு மாதிரி இருந்தது. இரும்பு இப்படி நீலமாக வேண்டுமென்றால் அது வேக வேண்டும். மலைப் பாதையில், வளைவுக்கு வளைவு, உயிரைப் பற்றிய கவலையே இல்லாமல் ஓடிப் பிடித்தால்தான் அப்படி வேகும்.

அந்த நீலத்தை அவன் இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தான்.

தன்னுடைய பைக்கில்.

"என்னடா?" என்றான் யஹ்யா.

"ஒண்ணுமில்ல. வார் அறுந்திருச்சு."

நிமிர்ந்தான். போனைப் பல்லேகமவிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். தலைக்குள் கணக்கு தானாகவே ஓடியது. போக எழுபது நிமிடம். திரும்ப எழுபது நிமிடம். மூன்று மணி நேரத்தில் மிச்சம் நாற்பது நிமிடம்.

ஒரு படிக்கல்லைத் தூக்க நாற்பது நிமிடம் எதற்கு?

ஆனால் பல்லேகமவுக்கு எழுபது நிமிடத்தில் போகலாம் என்று சொன்னால் ஒரு பொலிஸ்காரரும் நம்பமாட்டார். பஸ் டிரைவர்கள் சிரிப்பார்கள். இரண்டரை மணி நேர ரோடு அது.

நம்பக்கூடியவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்தான்.

அதில் ஒருவன் பைக்கை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போனான்.

3

றினோஸுக்கு வேகம் ஒரு வெறியாகத் தொடங்கவில்லை. நிம்மதியாகத்தான் தொடங்கியது.

நாள் முழுக்க உடைந்த கண்ணாடி. தண்ணீரில் விழுந்த போன். 'எப்ப தருவீங்க' என்ற ஒரே கேள்வி. ஞாயிறு காலை பைக்கில் ஏறினால் அறுபது வரைக்கும் அதெல்லாம் கூடவே வரும். எண்பதில் ஒவ்வொன்றாய் உதிரும். நூற்றுப் பத்தில்... தலைக்குள் ஒரு சத்தமும் இருக்காது. அடுத்த வளைவு மட்டும்தான் இருக்கும்.

இறங்கின பிறகு சிரிப்பு வரும். அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்றிருக்கும்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு, யஹ்யாதான் சொன்னான். "ரயில் கேட்டுலருந்து பல்லேகம வரைக்கும். நேரம் புடிச்சுப் பாப்போமாடா?"

பார்த்தார்கள்.

றினோஸ் முன்னால். யஹ்யா பின்னால். றினோஸின் பின் சீட்டில் ஒரு சின்ன கெமரா, பின்பக்கம் பார்த்தபடி. வளைவில் யஹ்யா சாய்ந்து வருவதைப் படம் பிடித்துக் கூட்டாளிகளுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை.

ரத்தோட்டைக்கு மேலே ஒரு வளைவு. திரும்பியதும் ரோட்டோரத்தில் ஒரு வயசாளி. வெள்ளைத் தொப்பி. இடுப்பில் சாரம். பாக்கு மூட்டை கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நின்றார்.

அவ்வளவுதான் தெரிந்தது. நூறில் போகிறவனுக்கு ஒரு மனிதன் ஒரு நொடிதான்.

முழங்கையில் ஏதோ உரசியது.

பின்னால் ஒரு சத்தம்.

றினோஸின் கை பிரேக்குக்குப் போனது. அதற்குள் யஹ்யா பக்கத்தில் வந்துவிட்டான். "நிக்காத... போ, போ, போ."

போனான்.

பல்லேகமவில் இறங்கியபோது யஹ்யா சொன்னான். "நீ அடிச்சிட்டடா. நான் கண்ணால கண்டேன். ஆனா என் வாயிலருந்து வராது. உன் வாயிலருந்தும் வரக்கூடாது."

இரண்டு நாள் கழித்து ஊர்ப் பேச்சில் பெயர் வந்தது. பதுர்தீன். உயிர் தப்பிவிட்டார். இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அடித்தவன் யாரென்று தெரியாது.

கெமராவின் மெமரி கார்டை றினோஸ் பழைய போன் மூடிகள் கிடந்த டப்பாவில் போட்டான். எறியவும் முடியவில்லை. பார்க்கவும் முடியவில்லை. அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் ஏறினான். தலைக்குள் சத்தம் அடங்க முன்னைவிடக் கூடுதல் வேகம் தேவைப்பட்டது.

4

வியாழக்கிழமை காலை ஹமீமா சோற்றுப் பார்சலோடு கடைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"மச்சானுக்குக் கொண்டு போனேன். உள்ள விடல்ல. பதினாலு நாள் வெளக்கமறியலாம்." பார்சலை மேசையில் வைத்தாள். "நீ சாப்புடு தம்பி."

"பசிக்கல்ல ராத்தா."

"அவருக்குக் கோவம் வரும். சத்தம் போடுவாரு. ஆனா கோழி அறுக்கவே பக்கத்து வீட்டு ஆளக் கூப்புடுற மனுசன். அந்தக் கையால ஒரு ஆளக் கொல்ல ஏலுமா?"

"தெரியும் ராத்தா."

"நுஸ்ராவுக்கும் தெரிஞ்சிருக்கு. நேத்துப் போனேன். என்னத் தொரத்துவான்னு நெனச்சேன். கையப் புடிச்சிட்டு அழுதா."

நுஸ்ரா, அன்ஸாபின் மனைவி. கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவில் இப்போது இருந்தாள். பெண்களைத் தவிர யாரும் அவளிடம் பேச முடியாது. பொலிஸ் கேட்டதற்கும் ஓரிரு வார்த்தைதான் சொல்லியிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"அன்ஸாப் நானா மூணு மாசமா ஒறங்கல்லயாம். அந்த ரத்தோட்ட ரோட்டுல பதுர்தீன் மாமாவ அடிச்சிட்டு ஓடினானே ஒருத்தன்... அவன இவரு கண்டிருக்காரு."

றினோஸின் கையில் இருந்த இடுக்கி மேசையில் விழுந்தது.

"கண்டாரா?"

"ம். 'நம்ம ஊருப் பொடியன்தான். வாழ வேண்டியவன். அவனாவே போய்ச் சொல்லட்டும். வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பேன், அதுக்கப்பொறம் நானே பொலிஸுக்குப் போவேன்'னாராம்."

"பேரு..."

"பேரு சொல்லல்லயாம்." ஹமீமா அவனை உற்றுப் பார்த்தாள். "உனக்கு ஏதாச்சும் தெரியுமாடா?"

"எனக்கா? எனக்கு என்ன தெரியும்."

"பெரிய புள்ளைக்குக் காச்சல். 'வாப்பா எப்ப வருவாரு'ன்னு கேட்டுட்டே இருக்கு. உனக்கு ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லு தம்பி. எதுவானாலும்."

அவள் போன பிறகு றினோஸ் பார்சலைப் பிரித்தான். ஒரு வாய் எடுத்தான். மிச்சத்தை மூடி வைத்தான்.

அன்ஸாப் நானா அவனைக் கண்டிருக்கிறார். மூன்று மாதமாக, எதிர்க்கடையிலிருந்து, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

இப்போது பொலிஸுக்குப் போனால்... காலை எடுத்ததும் அவன். வாயை அடைக்கக் காரணம் உள்ளவனும் அவன். கடையும் நேரெதிரில்.

பஸீரை வெளியே எடுத்துவிட்டு, அதே கதவு வழியாகத் தான் உள்ளே போக வேண்டியதுதான்.

5

ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை. மத்தியானம் மூன்று மணி. உள்ளே வேறு யாரும் இல்லை.

"பிரேக் தட்டு நீலமா இருக்கு," என்றான் றினோஸ்.

யஹ்யா கோப்பையைக் கீழே வைத்தான். மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் ரயில் பாதையைப் பார்த்தான்.

"நல்ல கண்ணுடா உனக்கு."

"ஏன் யஹ்யா? ஏன் செஞ்ச?"

"நான் ஒண்ணும் செஞ்சேன்னு சொல்லல்ல. ஒரு பேச்சுக்குச் செஞ்சிருந்தேன்னு வைய்யி. யாருக்காகச் செஞ்சிருப்பேன்னு யோசி."

"யாருக்காக?"

"அந்தாளு வெள்ளிக்கிழம பொலிஸுக்குப் போறதா இருந்தாரு. யாரப் பத்திச் சொல்லன்னு நெனக்கிற? எனக்கு மூணு தடவ கோல் எடுத்தாரே... 'உன் கூட்டாளிக்கிட்டச் சொல்லு, அவனாப் போகட்டும்'னுதான்."

றினோஸ் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"எனக்காகவா?"

"நான் தூக்கிப் போட்டது யாருடைய சொமைன்னு நீ ராத்திரி படுத்து யோசிச்சுப் பாரு."

"மச்சான் உள்ள இருக்காருடா."

"சாட்சி இல்ல. ஆறு மாசம், ஒரு வருசம்... வெளிய வந்துருவாரு." யஹ்யா குனிந்தான். குரல் இறங்கியது. "நீ போய்ச் சொல்லலாம். என்ன சொல்லுவ? 'சேர், அந்த ரோட்ட அறுபத்தொம்பது நிமிசத்துல ஓடலாம்'னுவ. 'உனக்கு எப்பிடித் தெரியும்'னு கேப்பாங்க. 'நான் ஓடினேன்'னுவ. 'எப்ப ஓடின, வழியில என்ன நடந்துச்சு'ன்னு கேப்பாங்க. அதுக்கப்பொறம் நீ பேச வேண்டியதே இல்ல. அவங்க பேசுவாங்க."

எழுந்தான். றினோஸின் தோளைத் தட்டினான். தட்டல் அன்பாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"ஞாயித்துக்கெழம மழை இல்லாட்டிப் போவோமா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

6

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு றினோஸ் பொலிஸ் நிலைய வாசலில் நின்றான்.

ஒன்பதேகாலுக்கும் வாசலில்தான் நின்றான்.

ஹமீமா அவனிடம் வேறெதுவும் கேட்டிருக்கவில்லை. காலையில் பிள்ளையின் நெற்றியில் ஈரத் துணியைப் போட்டபடி, "போற வழியில மருந்து வாங்கிட்டு வா" என்றாள். அவ்வளவுதான். மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு நேரே இங்கே வந்திருந்தான்.

ஒன்பதரைக்கு உள்ளே போனான்.

"என்ன விசயம் தம்பி? இரும்," என்றார் சாரங்கன்.

"பஸீர் மச்சான் கொல்லல்ல சேர். யஹ்யாதான்."

"அவர் பல்லேகமவில நிண்டவர். நானே கெமராவில பார்த்தனான்."

"உக்குவளையிலருந்து அங்க போக அறுபத்தொம்பது நிமிசம் போதும் சேர்."

"ஆர் சொன்னது?"

"நான் போயிருக்கேன்."

சாரங்கன் பேனாவைக் கீழே வைத்தார். "எப்ப?"

யஹ்யா சொன்ன அதே வரிசையில் கேள்விகள் வந்தன. றினோஸ் அதே வரிசையில் பதில் சொன்னான். வளைவு. வெள்ளைத் தொப்பி. உரசல். சத்தம். நிற்காமல் போனது. அன்ஸாப் நானா கண்டதாகவும் வெள்ளிக்கிழமை பொலிஸுக்குப் போகவிருந்ததாகவும் நுஸ்ரா சொன்னது. முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

சாரங்கன் பேனாவைத் திரும்ப எடுத்தார்.

"அப்ப அன்ஸாப் கண்டது உம்மைத்தான்."

"ஓம் சேர்."

"அவர் இண்டைக்கு என்னட்ட வாறதா இருந்தவர். உம்மட கடை நேரெதிரில. காரணமும் உமக்கு இருக்கு. பஸீரை விட நீர் எனக்கு வசதியான ஆளெல்லோ?"

"தெரியும் சேர். தெரிஞ்சுதான் வந்தேன்."

"செவ்வாய்க்கிழமை பதினொண்டரையில இருந்து எங்க நிண்டனீர்?"

"கடையிலதான். ஒரு டீச்சர் போனக் குடுத்துட்டு முன்னாலயே உக்காந்திருந்தாங்க. சத்தம் கேட்டு நான் ஓடினத அவங்களும் கண்டாங்க."

"கேட்டுப் பாக்கிறன்." அவர் கையை நீட்டினார். "நேரத்துக்கு என்ன அத்தாட்சி? வாய்ப்பேச்சில வழக்கு நடத்தேலாது."

றினோஸ் சட்டைப் பையிலிருந்து மெமரி கார்டை எடுத்தான்.

"இதுல முழுசா இருக்கு. நான் பார்க்கல்ல. பார்க்க முடியல்ல."

கம்ப்யூட்டரில் படம் ஓடியது. மூலையில் நேரம் ஓடியது. ரயில் கடவை பின்னால் சிறுத்துப் போனது. மரங்கள், கடைகள், மைல்கற்கள் எல்லாம் திரையின் நடுவை நோக்கி உறிஞ்சப்பட்டன. நடுவில் யஹ்யாவின் பைக்.

றினோஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ரத்தோட்டை வந்தது. மேடு வந்தது. வளைவு வந்தது.

"தம்பி, இங்க பாரும்."

"வேணாம் சேர்."

"பார் எண்டு சொல்லுறன்."

பார்த்தான்.

சாரங்கன் படத்தைப் பின்னுக்கு இழுத்து, மிக மெதுவாக ஓடவிட்டார்.

றினோஸின் பைக் கடந்துவிட்டது. வயசாளி இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

நின்றுகொண்டிருந்தார்...

பிறகு தடுமாறினார். உரசிய பைக்கின் வேகத்தில் சைக்கிள் சரிந்தது. அதோடு அவரும் ரோட்டின் நடுவில் விழுந்தார். எழக் கை ஊன்றினார்.

வளைவில் யஹ்யா வந்தான்.

றினோஸ் கண்ணை மூடிக்கொண்டான். இந்தத் தடவை சத்தம் இல்லாமலே கேட்டது.

"இடிச்சது அவன்," என்றார் சாரங்கன். "நீர் இல்லை."

"நான்னு சொன்னான் சேர். கண்ணால கண்டேன்னு சொன்னான். அவன் பைக்குல முன் லைட் உடஞ்சிருந்துச்சு... கல்லுல பட்டதுன்னு சொன்னான்."

"மூண்டு மாசமா அவன்ர பழியைத்தான் நீர் தூக்கிக்கொண்டு திரிஞ்சனீர்." சாரங்கன் திரையின் ஓரத்தில் விரலை வைத்தார். "இந்த லொறி ஆற்றையெண்டு தெரியுமோ?"

வளைவுக்கு மேலே, ஒரு வீட்டு வாசலில், லொறி நின்றது. பக்கத்தில் தோளில் மூட்டையோடு ஒருவர். மூட்டையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடி வருகிறார். றினோஸ் போன பக்கத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது இரண்டாவது பைக்கை.

அன்ஸாப் நானா.

"உம்மைக் காப்பாத்த இல்லை தம்பி. அவன் தன்னைக் காப்பாத்தத்தான் கொலை செய்தவன்."

றினோஸுக்கு ஒரு கணம் நெஞ்சிலிருந்து பாறை இறங்கியது போலிருந்தது. ஒரு கணம்தான்.

"அப்ப நான்... நான் ஒண்ணும் செய்யல்லையா சேர்?"

சாரங்கன் அவனை நேராகப் பார்த்தார்.

"அந்த மனுசன் தானா விழேல்லை. நீர் விழுத்தினீர். அவன் ஏத்தினான். ரெண்டு பேரும் நிக்கேல்லை. உமக்கும் வழக்கு இருக்கு. பைக் திறப்பை மேசையில வையும்." றினோஸ் சாவியை எடுத்து வைத்தான்.

பாறை திரும்ப ஏறிக்கொண்டது. முந்தியதை விடக் கொஞ்சம் சிறியது. ஆனால் இது அவனுடையது.

படம் பல்லேகமவில் நின்றது. மூலையில் ஒரு மணி ஒன்பது நிமிடம்.

சாரங்கன் போனை எடுத்தார். "யஹ்யா? ஒரு கையெழுத்து மிச்சம் இருக்கு. வந்திட்டுப் போமன்."

"அஞ்சு நிமிசத்துல வாறேன் சேர்."

வரவில்லை. பத்தாவது நிமிடம் கான்ஸ்டபிள் ஓடி வந்தார்.

"சேர், அவன் ரத்தோட்ட ரோட்டுல ஏறிட்டானாம். பறக்கிறானாம். ஜீப்ப எடுக்கவா?"

"என்னத்துக்கு? அவனைத் துரத்திக்கொண்டு போய் நாங்களும் நாலு பேரை அடிக்கவோ?" சாரங்கன் திரும்பவும் போனைக் காதில் வைத்தார். "அவன் நூறில போறான். இது அதைவிடக் கெதியாப் போகும்."

ரத்தோட்டைக்கு முன்னால் மரம் ஏற்றிய ஒரு லொறியை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தி, ஆட்களையெல்லாம் விலக்கிவைத்தார்கள். யஹ்யா வளைவில் திரும்பினான். லொறியைக் கண்டான். பைக்கைச் சாய்த்தான். பைக் ஒரு பக்கம் போக, அவன் ரோட்டோர வடிகானுக்குள் போய் விழுந்தான்.

தோள் எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. அம்புலன்சில் ஏற்றும்போது அவன் கேட்ட முதல் கேள்வி, "யாரு சொன்னது?"

அவனுக்குப் பதில் தேவைப்படவில்லை. அந்தக் கணக்குத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தானே.

7

பஸீர் வீட்டுக்கு வந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். ஹமீமா அழுதாள். றினோஸைப் பார்த்து அவர் ஒன்றே ஒன்று சொன்னார்.

"எல்லாரும் பொறகுதான் என்னச் சந்தேகப்பட்டாங்க. நீதான் மொதல்ல."

"மன்னிச்சிருங்க மச்சான்."

"பரவாயில்ல. கடைசில நீதான் வந்த." பேக்கரிக்குப் போய் மாவு பிசையத் தொடங்கினார்.

றினோஸுக்குப் பிணை கிடைத்தது. லைசன்ஸ் நீதிமன்றத்தில். பைக் பொலிஸ் முற்றத்தில், மழையில்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் ரத்தோட்டைக்கு மேலே போனான். பத்து மணிக்கு வருவதாகப் பதுர்தீனின் மகளிடம் சொல்லியிருந்தான். உக்குவளையிலிருந்து ஒரு பஸ். மாத்தளையிலிருந்து இன்னொன்று. மலையேறும் மூன்றாவது பஸ் பாதியில் புகைவிட்டு நின்றது. மிச்சத்தை நடந்தான். அந்த வளைவையும் நடந்துதான் கடந்தான். படத்தில் கண்ட வீட்டை முதல் தடவையாக நேரில் கண்டான். ஒரு பலா மரம். காயப்போட்ட பிள்ளைச் சட்டைகள். நூறில் இவை எதுவும் இருந்ததே இல்லை.

பதுர்தீன் வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். சாரம் இடது பக்கம் மடித்துச் செருகியிருந்தது.

"யாரு?"

"றினோஸ். அன்னைக்கு... மொத பைக்."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"ரெண்டாவது ஆளுதான் ஏத்தினான்னு பொலிஸுல சொன்னாங்க."

"நீங்க விழுந்தது என்னாலதான்."

"அது எனக்குத் தெரியும். விழுந்தது நான்தானே."

றினோஸ் நின்றான். சொல்ல வைத்திருந்ததெல்லாம் வழியிலேயே தீர்ந்து போயிருந்தது.

"மன்னிக்கச் சொல்லிக் கேக்க வரல்ல மாமா. மொகத்தப் பார்த்துச் சொல்லணும்னு வந்தேன்."

"நல்லது. மன்னிக்கிறதுக்கு நானும் உக்காந்திருக்கல்ல."

உள்ளே ஒரு பாத்திரம் உருண்டது. மகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பதுர்தீன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து மணிக்கு வாறேன்னுதானே சொன்ன? இப்ப ஒன்றரை."

"பஸ் ஏறல்ல மாமா. கடைசி மூணு மைல் நடந்து வந்தேன்."

பதுர்தீன் அவனுடைய வலது காலைப் பார்த்தார். பிறகு இடது காலைப் பார்த்தார்.

"ரெண்டையும் வச்சிக்கிட்டா இவ்வளவு நேரம்?"